கப்பல் கொடுத்த தாய்வீடு

1

ஊரில் என் பேச்சு வந்தால் "பாவம், கடல் தாண்டிப் போனவள்" என்று சொல்கிறார்களாம். தம்பி மகன் போனில் சொன்னான். கோயில் மலருக்கு ஏதாவது எழுதி அனுப்புங்கள் அத்தை என்று அவன்தான் கேட்டான். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். ஒரு பக்கத்துக்கு ஒரு காலைப்பொழுது ஆகும். ஆகட்டும். பாவம் என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். நான் இங்கே அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கவில்லை.

நான் இருக்கும் ஊர் மலாய் நாட்டில் ஈஜோக். கோலசிலாங்கூருக்கும் ரவாங்குக்கும் நடுவில், எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களுக்குள் ஒதுங்கிய ஊர். வந்த புதிதில் ரப்பர்த் தோட்டத்து லயத்தில் இருந்தோம். லயம் என்றால் வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள். ஒரு வீட்டில் தாளித்தால் கடைசி வீட்டில் தும்முவார்கள். தோட்டம் கைமாறியதும் லயத்தை இடித்துவிட்டார்கள். வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது மகள் வசந்தா வீட்டில் இருக்கிறேன். காலையில் கோழிகளைத் திறந்து விடுவேன், மல்லிகைக்குத் தண்ணீர் ஊற்றுவேன், வானொலியில் தமிழ்ச் செய்தி கேட்பேன். குறை இல்லை.

ஒரே ஒரு குறை வந்திருக்க வேண்டியது. அது வராமல் போன கதையைத்தான் சொல்ல வந்தேன்.

கல்யாணம் முடிந்து வீட்டுக்காரர் முன்னால் வந்துவிட்டார். நான் பின்னால் நாகப்பட்டினத்தில் தனியாகக் கப்பல் ஏறினேன். அவர் பக்கத்து ஆட்கள் தோட்டம் முழுக்க இருந்தார்கள். என் பக்கத்துக்கு ஒரு ஆள் இல்லை. வயிற்றில் வசந்தா வந்து ஏழாம் மாதம் ஆனது. வளைகாப்பு செய்ய வேண்டும். வளையலும் கட்டுச்சோறும் பெற்றவர்கள் வீட்டிலிருந்து வர வேண்டும். என்னைப் பெற்றவர்களோ கடலுக்கு அந்தப் பக்கம். மாமியார் நல்லவர்தான். "அதுக்கென்ன, நாமே வாங்கிப் போட்டுக்குவோம்" என்றார். நல்ல மனதோடு சொன்னதுதான், ஆனாலும் எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

வளைகாப்பு அன்று காலை, ரப்பர்ப் பால் ஏற்ற வரும் லோரி லயத்துக்கு முன்னால் வந்து நின்றது. முன் இருக்கையிலிருந்து கமலா அக்கா இறங்கினாள். என்னோடு ஒரே கப்பலில் வந்தவள், பக்கத்துத் தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டவள். இடுப்பில் ஒரு பையன், தலையில் ஒரு கூடை. கூடையில் ஏழு விதமான சோறு, மேலே வளையல். நடுவாசலில் நின்றுகொண்டு, லயம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"பொண்ணோட தாய்வீடு வந்திருக்கு. யாரு வரவேற்கிறது?"

மாமியார் ஓடிப்போய்த் தண்ணீர் கொடுத்தார்.

அன்றைக்கு ஆரம்பித்தது. இங்கே தனியாக வந்த பெண்கள் பலருக்கும் இப்படித்தான். ஒரே கப்பலில் வந்தவர்கள் கூடப் பிறந்தவர்கள். பேச்சுக்கு இல்லை, சீர் செய்வதில், சாவுக்குக் கோடி போடுவதில், எல்லாவற்றிலும். வசந்தாவுக்குக் காது குத்தும்போதும், அவள் பெரியவளானபோதும், அவள் கல்யாணத்திலும் பிறந்த வீட்டுத் தட்டு அக்கா வீட்டிலிருந்துதான் வந்தது. அக்கா மகன் செல்வம் வசந்தாவுக்கு அண்ணன். வசந்தா மகள் தர்ஷினிக்கு அவன்தான் தாய்மாமன். கடல் தாண்டி வந்த நான், எழுபது வயது தாண்டியும் சபையில் தலைநிமிர்ந்து நிற்கிறேன் என்றால், எனக்குப் பின்னால் அக்கா நிற்கிறாள் என்பதால்தான்.

2

நாங்கள் கரை இறங்கியது தைப்பூசம் கழிந்த வாரத்தில். அதனால் வருஷா வருஷம் அந்த வாரத்தில் ஒருநாள் அக்காவும் நானும் சேர்ந்துதான் சாப்பிடுவோம். அக்கா இப்போது செல்வத்தோடு புக்கிட் செந்தோசாவில் இருக்கிறாள். வீடமைப்புப் பகுதி. ஒரே மாதிரி வீடுகள். வாசல் கதவின் நிறத்தைப் பார்த்துத்தான் இறங்க வேண்டும். முன்பெல்லாம் அவள் பஸ் பிடித்து வருவாள். இப்போது முட்டி வலி. பேரன் யுவராஜ், செல்வத்தின் மகன், காரில் கொண்டு வந்து விடுவான்.

இந்த வருஷம் தர்ஷினி, வீட்டில் சமைக்க வேண்டாம், கோலசிலாங்கூரில் ஆற்றோரமாகக் கப்பல் காட்சிசாலை ஒன்று இருக்கிறது, அங்கே போகலாம், நீங்கள் வந்த மாதிரிக் கப்பலெல்லாம் வைத்திருக்கிறார்கள் என்றாள். அவள் ரவாங்கில் ஒரு அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். யுவராஜும் ரவாங்கில்தான், தொழிற்சாலையில். இரண்டு பேரும் ஒரே நாளில் லீவு போட்டிருந்தார்கள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

காரில் பின்னால் நானும் அக்காவும். முன்னால் அவர்கள். அவர்கள் பேசியதில் பாதி ஆங்கிலம், கால்வாசி மலாய், மிச்சம் எல்லாப் பேச்சுக்கும் வாலாக ஒட்டுகிற "லா". வீட்டில் தமிழ் பேசச் சொன்னால் தர்ஷினி பேசுவாள். ஆனால் மாமா, அத்தை, சித்தப்பா எல்லாம் அவள் வாயில் அங்கிள், ஆன்ட்டி என்று ஆகிவிட்டார்கள். கொஞ்சம் மூத்த பையன் யாராக இருந்தாலும் அண்ணா. கடையில் ரொட்டி போடுகிறவனும் அண்ணா, யுவராஜும் அண்ணா. நான் திருத்திப் பார்த்து விட்டுவிட்டேன்.

காட்சிசாலை வாசலில் அனுமதிச் சீட்டு கொடுக்கும் மலாய்ப் பெண் அடையாள அட்டை கேட்டாள். உள்நாட்டு ஆட்களுக்கு ஒரு கட்டணம், வெளிநாட்டு ஆட்களுக்கு ஒரு கட்டணம். அக்கா நீல அட்டையை நீட்டினாள். நான் என்னுடையதை நீட்டினேன். என்னுடையது சிவப்பு. ஊரில் உள்ளவர்களுக்கு இது புரியாது. நீலம் என்றால் இந்த நாட்டுப் பிரஜை. சிவப்பு என்றால் இங்கேயே இருந்துகொள்ளலாம், ஆனால் பிரஜை இல்லை. மனுப் போட்டோம், கூப்பிட்டார்கள், மலாயில் கேள்வி கேட்டார்கள். கடையில் மீன் வாங்குகிற மலாய்தான் எனக்கு வரும். அந்த அதிகாரி கேட்டது வேறு மலாய். பிறகு வாருங்கள் என்றார். பிறகும் போனோம். அதற்குப் பிறகு நான் போகவில்லை.

"வார்கானெகாரா?" என்று அந்தப் பெண் கேட்டாள். பிரஜையா என்று அர்த்தம். அர்த்தம் எனக்குத் தெரியும். இல்லை என்று சொல்லத்தான் வாய் வரவில்லை. அவள் என் முகத்தையும் அட்டையையும் பார்த்துவிட்டு, பரவாயில்லை மாக்சிக், உள்ளூர்க் கட்டணமே போடுகிறேன் என்றாள். மாக்சிக் என்றால் பெரியம்மா மாதிரி. இரக்கப்பட்டுக் கொடுப்பதை நான் வாங்குகிறவள் இல்லை. வெளிநாட்டுக் கட்டணத்தையே போடச் சொன்னேன். தர்ஷினிக்கு வெட்கமாகப் போய்விட்டது. அக்கா சிரித்துக்கொண்டே, "விடுடி, உங்க அம்மாச்சிக்கு கவர்னர் பரம்பரை" என்றாள்.

3

உள்ளே நல்ல குளிர். ஆள் உயரத்துக்கு ஒரு நங்கூரம் துரு பிடித்துப் படுத்திருந்தது. மலாய்க்காரர்களின் பாய்மரப் படகு, கடலுக்கடியில் இருந்து எடுத்த சீன ஜாடிகள், மீன் வலைகள், பீரங்கிக் குண்டுகள். கண்ணாடிக்குள் ஒரு பித்தளைத் திசைகாட்டி. யுவராஜ் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எழுதியிருந்ததைப் படித்துத் தமிழில் சொல்லப் பார்த்தான். பாதியில் தமிழ் தீர்ந்துவிட்டது. கையை ஆட்டி மிச்சத்தைச் சொன்னான்.

கடைசிச் சுவரில்தான் பெரிய கப்பல்கள். ஒரு படத்தில் மேல்தட்டு நிறைய ஆட்கள். பெண்கள் முக்காடிட்டுத் தகரப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா படத்துக்கு மூக்கு ஒட்டுகிற மாதிரி நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். இது நீங்கள் பிறப்பதற்கும் முன்னால் எடுத்த படம் என்றான் யுவராஜ். அப்போ நம்மள எடுக்கவே இல்லையா என்று அவளுக்கு ஏமாற்றம். பக்கத்தில் ஒரு பொத்தான் இருந்தது. அமுக்கினால் அலைச் சத்தமும் கப்பல் ஊதுகிற சத்தமும் வரும். அக்கா அமுக்கினாள். சத்தம் அடங்கியதும் மறுபடியும் அமுக்கினாள். காவலுக்கு இருந்தவர் திரும்பிப் பார்த்தார். நான் பக்கத்தில் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

நாகப்பட்டினத்தில் பெரிய கப்பல் கரைக்கு வராது. தூரத்தில் நிற்கும். படகில் போய், கப்பலின் பக்கவாட்டில் தொங்கும் படியைப் பிடித்து ஏற வேண்டும். படகு ஏறும், இறங்கும். படி ஒரு சமயம் முகத்துக்கு நேரே இருக்கும், மறு சமயம் தலைக்கு மேலே போய்விடும். எனக்கு முன்னால் ஒருத்தி கைக்குழந்தையோடு நின்றாள். இரண்டு கையும் இல்லாமல் ஏற முடியாது. திரும்பினாள், என்னைப் பார்த்தாள், குழந்தையை என் கையில் திணித்தாள்.

"பிடி. கீழ போட்டுறாத."

அவள் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை அதுதான். ஏறிப் போய்விட்டாள். நான் குழந்தையை முந்தானையால் மாரோடு கட்டிக்கொண்டு எப்படியோ ஏறினேன். மேலே போனால் தேர்க்கூட்டம். அவளைக் காணவில்லை. யார் பிள்ளை, என்ன பேர், ஒன்றும் தெரியாது. அது கத்திற்று. நான் அதைத் தூக்கிக்கொண்டு பெட்டிகளையும் படுத்திருந்த கால்களையும் தாண்டித் தாண்டி நடந்தேன். ஊர் கண்ணிலிருந்து மறைந்தது எப்போது என்றே எனக்குத் தெரியாது. எல்லாரும் கரையைப் பார்த்து அழுதார்கள். எனக்கு அழ நேரமில்லை.

சாயங்காலம்தான் அவள் கண்டுபிடித்தாள். குழந்தையை வாங்கி மார்பில் போட்டுக்கொண்டாள். நன்றி சொல்லவில்லை. பாயை விரித்து, பாதியை என் பக்கம் தள்ளினாள். "இனிமே எங்க போகப் போற? இங்கயே படு" என்றாள். அந்தக் குழந்தைதான் செல்வம். இன்று அவனுக்குத் தலை நரைத்துவிட்டது.

4

வெளியே ஆற்றோரத்தில் நிழலாக ஒரு பெஞ்சு. உட்கார்ந்தோம். ஆறு தேத்தண்ணி நிறத்தில் கடல் பக்கம் போய்க்கொண்டிருந்தது. எதிர்க்கரையில் மீன் சாப்பாட்டுக் கடைகள், சீனர்களின் படகுகள். தர்ஷினி உட்காரவில்லை. கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"அம்மாச்சி, எனக்கும் யுவாவுக்கும் நீங்கதான் கல்யாணம் பண்ணி வைக்கணும்."

அக்கா வாயில் மாங்காய் ஊறுகாய்த் துண்டு. மெல்வதை நிறுத்திவிட்டாள். யுவராஜ் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். நேற்றுவரை அண்ணா என்று கூப்பிட்டவள். எனக்கு என்ன தோன்றியதோ, முறை இல்லை என்று சொல்லிவிட்டேன்.

"கோவிக்காதீங்க லா அம்மாச்சி. நாம உண்மையிலயே சொந்தமே இல்லையே. நீங்க ரெண்டு பேரும் ஒரே கப்பல்ல வந்தீங்க. அவ்வளவுதானே?"

கல்யாணப் பேச்சைவிட அந்த "அவ்வளவுதானே" எனக்குச் சுருக்கென்றது. அக்காதான் ஊறுகாயை விழுங்கிவிட்டு விரலை நீட்டினாள்.

"யாருடி முறை இல்லைன்னது? செல்வமும் வசந்தாவும் என்ன? அண்ணன் தங்கச்சி. அண்ணன் பையனுக்கும் தங்கச்சி பொண்ணுக்கும் முறை இல்லாம வேற யாருக்கு முறை? இவளுக்கு யாரு மடியில உக்கார வச்சுடி காது குத்துன?"

செல்வம் மடியில்தான். எனக்கும் தெரியாமல் இல்லை. வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன்.

யுவராஜ் குழம்பிப்போனான். சொந்தம் இல்லை, அதனால் கட்டிக்கொள்ளலாம் என்று இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். இப்போது சொந்தம், அதனால் கட்டிக்கொள்ளலாம் என்கிறாள் அப்பாயி. "அப்போ சொந்தம்தானா? சொந்தத்துல கட்டுறீங்களான்னு டாக்டர் கேட்டா என்ன சொல்றது அப்பாயி?" என்றான்.

"கப்பல் சொந்தம்னு சொல்லு. ரத்தத்துல வராது, உப்புத் தண்ணியில வரும்."

பிள்ளைகள் இரண்டும் சிரித்துவிட்டன. அக்கா அவர்களை செண்டோல் வாங்கிவர அனுப்பினாள். ஐஸ் துருவிப் போட்டுத் தேங்காய்ப் பால் ஊற்றிக் கொடுப்பார்கள். வரிசை நீளம், வரக் கொஞ்ச நேரம் ஆகும். அவள் அதற்காகத்தான் அனுப்பினாள்.

"அப்புறம் எதுக்குடி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? என் பேரனுக்கு என்ன குறை?"

குறை ஒன்றும் இல்லை. தங்கமான பையன். எனக்கு மனதில் இருப்பதைச் சட்டென்று எடுத்து வைக்கத் தெரியாது. மீன்பிடிப் படகு ஒன்று சத்தம் போட்டுக்கொண்டு போனது. அது வளைவில் மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் கேட்டேன்.

"மண்டபத்துல நீ எந்தப் பக்கம் உக்காருவ?"

"இது என்ன கேள்வி. மாப்பிள்ளையோட அப்பாயி. மாப்பிள்ளை பக்கம்தான்."

"அப்போ என் பக்கம்?"

அக்கா ஊறுகாய்ப் பொட்டலத்தை மடித்து மடியில் வைத்தாள்.

ஊரில் இருப்பவர்களுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாமல் இருக்கலாம். உங்களுக்கெல்லாம் பக்கம் தானாகவே இருக்கும். தெருவில் கூப்பிட்டால் பத்துப் பேர் வருவீர்கள். வசந்தா கல்யாணத்தில் இருநூறு பேருக்கு இலை போட்டோம். அதில் தையல்நாயகி என்கிற என்னுடைய ஆட்கள் என்று வந்தது அக்கா வீடு ஒன்றுதான். தர்ஷினி கல்யாணத்தில் அந்த வீடும் எதிர்ப்பக்கம் போய்விடும். மருமகனின் ஆட்கள் இருப்பார்கள், வீட்டுக்காரர் வழியில் இருப்பார்கள். என் பிறந்த வீடு என்று நிற்க ஆள் இருக்காது. அதுமட்டும் இல்லை. பெண் வீட்டுக் கிழவி நான். மண்டப வாசலில் நின்று மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்க வேண்டும். அக்கா காரிலிருந்து இறங்கி வருவாள். நான் அவள்மேல் பன்னீர் தெளித்து, கை கூப்பி, "வாங்க" என்று சொல்ல வேண்டும். ஒரே பாயில் படுத்து வந்தவளை, வந்த விருந்தாளி மாதிரி.

இவ்வளவையும் அவளிடம் சொன்னேன். இவ்வளவு வரிசையாக இல்லை. விட்டுவிட்டு.

அக்கா முட்டியைத் தடவிக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் செண்டோலோடு வந்தார்கள். சாப்பிட்டோம். பிள்ளைகளிடம் எனக்குச் சம்மதம் என்று சொல்லிவிட்டேன். என் சங்கடத்துக்காக அவர்கள் வாழ்க்கையை நிறுத்துகிறவள் இல்லை நான். தர்ஷினி என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். திரும்பும்போது ஈஜோக் வரும்வரை அக்கா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

5

அடுத்த வாரம் செல்வம் தனியாக வந்தான். நாற்காலி நுனியில் உட்கார்ந்து தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே இருந்தான். அம்மா அடம் பிடிக்கிறது என்றான். நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் மாப்பிள்ளை வீட்டோடு வர மாட்டேன், பெண் வீட்டில்தான் நிற்பேன் என்கிறதாம்.

"ஜனங்க என்ன சொல்லும் சின்னம்மா? மாப்பிள்ளையோட சொந்தப் பாட்டி பொண்ணு வீட்டுல நின்னா, ஏதோ மனஸ்தாபம்னு பேசும். அம்மா வயசுல பெரியவங்க, அவங்க கையால தாம்பூலம் மாத்தினாத்தான் எங்களுக்கு மரியாதை. நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேக்கும்."

அவன் சொல்வதிலும் நியாயம் இருந்தது. அவனுக்கும் அவள் ஒருத்திதான் மூத்த தலை. வேண்டாம் அக்கா என்று நான் ஒரு போன் போட்டால் முடிந்துவிடும். போடவில்லை. வா என்றும் சொல்லவில்லை. உங்கள் அம்மா, நீங்கள் பேசிக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். கேட்டு வாங்குவதற்கு இது சீர்தட்டு இல்லை.

நிச்சயம் எங்கள் வீட்டில். முதல் நாள் காலையிலிருந்தே ஆட்கள். மருமகனின் அக்காமார் மூன்று பேர் வந்து அடுப்படியைப் பிடித்துக்கொண்டார்கள். யாராவது வண்டி நிறுத்தினால் நான் எட்டிப் பார்த்தேன். மத்தியானம் போயிற்று. நாலு மணிக்கு மழை பிடித்தது. வசந்தா என்னைப் பார்த்துவிட்டு, பெரியம்மாவுக்குப் போன் பண்ணட்டுமா என்றாள். வேண்டாம் என்றேன். கீரை ஆய உட்கார்ந்தேன். ஆய்ந்த கீரையையே திரும்பவும் ஆய்ந்திருப்பேன் போல, அக்காமாரில் ஒருத்தி வந்து முறத்தை வாங்கிக்கொண்டு போனாள்.

மழை விட்ட நேரத்தில் வாசலில் ஒரு வாடகைக் கார் நின்றது. பின்கதவு திறந்தது. முதலில் ஒரு பை வெளியே வந்தது, பிறகு கைத்தடி, பிறகு அக்கா. ஓட்டி வந்த சீனப் பையன் குடை பிடித்தான். நான் வாசலுக்குப் போனேன். செல்வம் கொண்டு வந்து விடவில்லையா என்று கேட்டேன்.

"அது மாப்பிள்ளை வீட்டு கார். நாளைக்குத்தான் வரும்" என்றாள். பையை என் கையில் கொடுத்துவிட்டு நேரே அடுப்படிக்குப் போய், சாம்பாருக்குப் புளி போதாது என்று அந்த மூன்று அக்காமாரோடு சண்டையை ஆரம்பித்தாள்.

மறுநாள் காலை செல்வம் வீட்டார் ஐந்து காரில் வந்தார்கள். செல்வம் முன்னால் வேட்டி சட்டையில். பின்னால் அவன் மனைவி, தட்டுகளோடு பெண்கள், பட்டு ஜிப்பாவில் யுவராஜ். நான் வாசலில் பன்னீர்ச் செம்போடு நின்றேன். அக்கா பக்கத்தில் நின்றாள். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. செல்வத்தின் முகம் இறுக்கமாகத்தான் இருந்தது. படிக்குக் கீழே நின்றுவிட்டான்.

அக்கா என் கையிலிருந்து செம்பை வாங்கினாள். பெற்ற மகன்மேல் பன்னீரைத் தெளித்தாள். முட்டி வலியோடு கொஞ்சம் குனிந்து, இரண்டு கையையும் கூப்பினாள்.

"வாங்க, வாங்க. வழி கண்டுபிடிக்கச் சிரமமா இருந்துச்சுங்களா?"

செல்வம் அம்மாவைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு அவனும் கை கூப்பினான்.

"இல்லைங்க. நல்லா விசாரிச்சுக்கிட்டுத்தான் வந்தோம்."